பெரிய குழலா, சிறிய குழலா?

நம் இயற்பியல் துறைக்குத் தொலைநோக்கி ஒன்று வாங்கவேண்டும் என்ற பேச்சு இவ்வாண்டில் மூன்று முறை எழுந்தது. மூன்று முறையும் அது ஒரே வினாவில் வந்து நின்றது: "எத்தனை அங்குலம்?" மாணவ நண்பர்களில் பெரும்பாலோர் எட்டங்குல ஆடி வகையையே விரும்பினர். "வாங்குவதோ ஒருமுறை, அதைப் பெரிதாக வாங்கிவிடுவோமே!" என்றனர். பேராசிரியப் பெருமக்களிலும் சிலர் அதற்குத் தலையசைத்தனர். நான் அன்று வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேச நாணம் தடுத்தது. எழுதுவதற்கு அத்துணை நாணம் தேவையில்லை ஆதலின், இம்மலரின் பக்கங்களை என் மறுப்புக்குப் பயன்படுத்திக் கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் படமெடுக்கவும் வேண்டும் என்பதே நம் எண்ணமாயின், நமக்கு ஏற்றது 70 அல்லது 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நிறப்பிழை நீக்கிய, குட்டையான வில்லைத் தொலைநோக்கிதான். அதாவது மூன்றங்குலம். குழலுக்கு ஆகும் தொகையைவிடக் கூடுதலான தொகை, அக்குழலைத் தாங்கிச் சுழற்றும் பொறிக்குச் செல்லவேண்டும். கேட்பதற்கு இது கஞ்சத்தனம் போலவும், பின் பாதியைக் கேட்டால் ஊதாரித்தனம் போலவும் தோன்றும். இரண்டும் அன்று என்று காட்டவே இக்கட்டுரை.

இதற்கு நம் மண்ணிலேயே நடந்த ஒரு கதை உண்டு. பிரெஞ்சு நாட்டு வானியலறிஞர் கியோம் லெ ழாந்தி என்பவர் 1760ஆம் ஆண்டு மார்ச்சில் தம் நாட்டிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்வதை இங்கிருந்து அளப்பது அவர் நோக்கம். பல இடங்களிலிருந்து அதனை அளந்தால் கதிரவனின் தொலைவைக் கணக்கிடலாம் என்பது அக்கால அறிஞர்களின் திட்டம். ஆனால் அவர் வந்து சேருமுன் அவ்வாண்டு ஜனவரியிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டனர். கப்பல் திரும்பியது. கடப்பு நிகழ்ந்த நாளில் வானம் தெளிவாகவே இருந்தது. கையில் தொலைநோக்கியும் இருந்தது. ஆயினும் அவர் நின்றதோ நடுக்கடலில் ஆடிக்கொண்டிருந்த கப்பலின் மேல்தளத்தில். கண்டார், அளக்க இயலவில்லை.

அடுத்த கடப்பு எட்டாண்டுகள் கழித்து. மனிதர் ஊர் திரும்பவில்லை! இந்துமாக்கடல் தீவுகளிலும் மணிலாவிலும் காலம் கழித்துவிட்டு 1768 மார்ச்சில் மீண்டும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது நகரம் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியிருந்தது. ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் இடிந்துகிடந்த கோட்டைப் பகுதியில் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துத் தந்தார். போரில் எதிரிகளாயிருந்த சென்னை ஆங்கிலேயர்களே மூன்றடி நீளமுள்ள, நிறப்பிழை நீக்கிய வில்லைத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவல் அளித்தனர். லண்டன் டாலண்டு அத்தகைய வில்லைக்குக் காப்புரிமை பெற்றது 1758இல்தான். எனவே அக்காலத்துக்கு அது புத்தம் புதிய தொழில்நுட்பம். நல்ல குழல், அசையாத தரை, ஓராண்டுக்கு மேலான ஆயத்தம். 1769 ஜூன் 4 காலை, வெள்ளி கதிரவனைக் கடந்த நேரத்தில் முகில் வந்து மூடியது. கடப்பு முடிந்தபின் கதிரவன் வெளியே வந்தான்.

இக்கதையை அவருடைய கெட்ட காலத்துக்குச் சான்றாகவே எல்லாரும் சொல்வர். (இடைப்பட்ட நாளில் அவர் நம்மூர்த் தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று வியந்ததும், அம்முறையில் சோழிகளை வரிசையாக வைத்தே பெருங்கணக்குகள் போடப்பட்டதும் தனிக் கட்டுரைக்கு உரியவை.) எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. விண்படத்துக்கு வேண்டியவை மூன்று: குழல், நிலை, வானம். 1761இல் அவருக்கு நிலை இல்லை; 1769இல் வானம் இல்லை. இரண்டு முறையும் குறை குழலில் இல்லை. நாமோ மூன்று கூட்டங்களிலும் குழலைப் பற்றி மட்டுமே பேசினோம்.

நிலை இல்லாத குழலின் துன்பத்தை நானும் அறிவேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, சேமித்த பணத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. வீட்டு மொட்டை மாடியில் வைத்து வியாழனைத் தேடினேன். மூன்று கால்களும் மூங்கில் குச்சிபோல் நடுங்கின. குவியம் சரிசெய்யக் கை வைத்தால் வியாழன் ஓடிவிடும். கையை எடுத்தால் ஆடி அடங்குவதற்குள் பூமி சுழன்று அது வெளியேறிவிடும். பிடித்தபோது அதைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு புகை. அதில் செல்பேசியை வைத்து எடுத்த படத்தை என் அம்மாவிடம் காட்டினேன். "கத்தரிப்பூ மாதிரி இருக்குடா" என்றார். அக்குழல் இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அந்த ஊதாப் புகையிலிருந்தே தொடங்குவோம். ஒற்றை வில்லை எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்காது. நீலம் முன்னே குவியும், சிவப்பு பின்னே குவியும். இருவகைக் கண்ணாடிகளை இணைத்து இரு நிறங்களை ஒரே இடத்தில் குவிப்பதே டாலண்டு காலத்து உத்தி. ஆனால் மூன்றாம் நிறமாகிய ஊதா அப்போதும் தப்பிவிடும். கண்ணுக்கு அது பெரிய தொல்லையன்று. நம் கண் ஊதாவை மங்கலாகவே உணர்கிறது. காமிராவின் சில்லு அப்படி மன்னிக்காது. நாம் காணாத ஊதாவையும் அது நிமிடக்கணக்கில் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வெண்மீனையும் சுற்றி ஒரு நீலக் கொப்புளம் எழும். ஆதலால் பார்ப்பதற்கு நல்ல குழல் எல்லாம் படமெடுப்பதற்கு நல்ல குழல் ஆகிவிடாது.

இக்காலத்தில் கடைக்காரர்கள் "ஈ.டி." என்று குறிப்பிடும் கண்ணாடி, நிறங்களை மிகக் குறைவாகவே பிரிக்கிறது. இரு வில்லைகளில் ஒன்று அக்கண்ணாடியாயிருந்தால் ஊதா பெரும்பாலும் அடங்கும். மூவில்லைக் குழலாயின் இன்னும் நன்று. ஆனால் "ஈ.டி." என்ற இரண்டெழுத்தில் மயங்கிவிடக் கூடாது. அது ஒரே கண்ணாடியின் பெயர் அன்று. பல தரங்களுக்குப் பொதுப்பெயர். ஜப்பானின் ஓஹாரா நிறுவனம் செய்யும் கண்ணாடிகளில் எஃப்.பி.எல்.51 ஒரு தரம், எஃப்.பி.எல்.53 அதனினும் உயர்ந்தது. எந்தக் கண்ணாடி என்று கேட்டு, எழுத்தில் விடை தராத கடையில் வாங்காதிருப்பதே நலம். விட்டத்தில் பத்து மில்லிமீட்டர் குறைந்தாலும் கண்ணாடியின் தரத்தில் குறையக்கூடாது என்பது என் எண்ணம்.

இனி, மூன்றங்குலத்தில் என்ன தெரியும் என்று ஏளனமாகக் கேட்ட நண்பருக்கு வருகிறேன். வானில் உள்ளவை எல்லாம் மிகச் சிறியவை, அவற்றை மிகவும் பெருக்கவேண்டும் என்ற எண்ணமே இக்கேள்விக்கு வேர். உண்மை அப்படியன்று. அவை மங்கலானவை, சிறியவை அல்ல. நிலவின் குறுக்களவு அரைப் பாகை. நம் பாட்டிமார் காட்டும் கார்த்திகை மீன்கூட்டம் ஏறத்தாழ 2 பாகை. நான்கு நிலவுகளை வரிசையாக அடுக்கிய அகலம்! ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் நீளம் 3 பாகை. கண்ணுக்கு அதன் நடுப்பகுதி மட்டுமே பஞ்சுத் துணுக்குபோல் தெரிவதால் நாம் அதைச் சிறிதென்று எண்ணிக்கொள்கிறோம்.

400 மில்லிமீட்டர் குவியத்தொலைவுள்ள 80 மில்லிமீட்டர் குழலில், பலரிடமும் இருக்கும் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். காமிராவைப் பொருத்தினால் படத்தில் அடங்கும் வானம் ஏறத்தாழ 3.4 பாகைக்கு 2.2 பாகை. ஆந்திரமேடா முழுமையாக அமரும். கார்த்திகைக் கூட்டம் அமரும். வேட்டைக்காரன் விண்மீன் தொகுதியின் வாளில் இருக்கும் ஒண்முகில் சுற்றிலும் இடம்விட்டு அமரும். 1000 மில்லிமீட்டர் குவியத்தொலைவுள்ள எட்டங்குலக் குழலிலோ 1.3 பாகை மட்டுமே கிட்டும். கார்த்திகைக் கூட்டம் முழுதாக ஒரு படத்தில் சேராது. யானையின் வயிற்றை மட்டும் படமெடுத்ததுபோல் ஆகும்.

"பெரிய குழல் அதிக ஒளியைத் திரட்டுமே?" எனலாம். திரட்டும். ஆனால் அதைப் பெரிய பரப்பில் பரப்பியும் விடும். ஒண்முகில் போன்ற பரந்த பொருளின் ஒளி காமிராச் சில்லில் எவ்வளவு செறிவாக விழும் என்பதைத் தீர்மானிப்பது விட்டம் மட்டுமன்று. குவியத்தொலைவை விட்டத்தால் வகுத்து வரும் எண். 400ஐ 80ஆல் வகுத்தாலும் ஐந்து. 1000ஐ 200ஆல் வகுத்தாலும் ஐந்து. இரண்டிலும் ஒரே நேரம் திறந்து வைத்தால் முகில் ஒரே செறிவில்தான் பதியும். நம் ஆய்வகக் கணக்குப் பயிற்சியில் இதை எல்லாரும் போட்டிருக்கிறோம். கடையில் நிற்கும்போது மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, நம் காற்று. கடலோரச் சமவெளியில் நல்ல இரவிலும் விண்மீனின் உருவம் 2, 3 விகலை அளவுக்கு அதிர்ந்து பரவிவிடுகிறது. 80 மில்லிமீட்டர் வில்லையின் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒன்றரை விகலை. நீண்ட நேரத் திறப்பில் பெரிய குழலின் கூர்மையில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும்.

கோள்களைப் பற்றி நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே என் கட்சி தோற்கும். வியாழன் 40, 50 விகலையே உள்ள சிறு வட்டம். நான் சொல்லும் குழலும் காமிராவும் சேர்ந்தால் படத்தில் அது 20, 25 புள்ளிகள் அகலத்தில் ஒரு பொட்டாகவே விழும். கோளின் பட்டைகளையும் செந்நிறப் புள்ளியையும் படமெடுப்பதே நோக்கம் என்றால் எட்டங்குலத்தை வாங்குங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன். சனியின் வளையத்தைக் கண்ணால் காண மட்டும் மூன்றங்குலமும் ஒரு நல்ல கண்ணருகு வில்லையும் போதும்.

இப்போது என் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறேன்: தாங்கி. பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒருமுறை சுழல்கிறது. அதனால் வானம் ஒரு நொடிக்கு 15 விகலை நகர்கிறது. நான் மேலே சொன்ன குழலில் காமிராவின் ஒரு புள்ளி 2 விகலை. எனவே அசையாத முக்காலியில் வைத்து ஒரே ஒரு நொடி திறந்தாலும் விண்மீன் ஏழு புள்ளி நீளக் கோடாகிவிடும். நமக்கோ ஒவ்வொன்றும் இரண்டு நிமிடமாக 50, 60 படங்கள் வேண்டும். அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் இரைச்சல் தணிந்து முகில் எழும். இதற்குப் புவியச்சுக்கு இணையான அச்சில் விண்ணோடு சேர்ந்து சுழலும் தாங்கி வேண்டும். கடைக்காரர் அதை 'ஈக்குவடோரியல் மவுண்ட்' என்பார். 80 மில்லிமீட்டர் குழல் மூன்று கிலோ அளவில் முடிந்துவிடும். நடுத்தரத் தாங்கியே அதைச் செம்மையாகச் சுமக்கும். எட்டங்குலக் குழல் ஒன்பது, பத்து கிலோ. அதற்கேற்ற தாங்கி, எடைக்கற்கள், முக்காலி என்று கூட்டினால் 40 கிலோவைத் தாண்டும். நான்கு பேரும் ஒரு வேனும் வேண்டும். நாம் வில்லியனூரிலும் பாகூரிலும் இருந்து பேருந்தில் வந்துபோகும் கூட்டம். வேனுக்காகக் காத்திருக்கும் குழல் எந்தப் பீரோவில் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதை, ஆய்வகங்களில் உறையோடு உறங்கும் கருவிகளைக் கண்டவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தாங்கி வாங்குவதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அயல்நாட்டுப் புத்தகங்கள் இதைச் சொல்வது அரிது. தாங்கியின் அச்சு வானின் வடதுருவத்தை நோக்கவேண்டும். பாகூர் வட அகலாங்கு ஏறத்தாழ 11.8 பாகையில் உள்ளது. ஆதலால் நமக்குத் துருவமீன் அடிவானிலிருந்து 12 பாகை உயரத்திலேயே நிற்கிறது. நீட்டிய கையில் முட்டியை மடக்கிப் பிடித்தால் ஏறத்தாழ 10 பாகை. அதற்குச் சற்று மேலே. ஐரோப்பியருக்கு அது பாதி வானில் நிற்கும். நமக்கோ தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தோப்பு இல்லாத இடத்தில் அடிவான மூட்டத்தில் கரையும். பாகூரிலிருந்து பார்த்தால் வடக்கே புதுச்சேரி நகரின் ஒளிமூட்டம் வேறு. வெளிநாட்டாருக்கென்று செய்யப்பட்ட தாங்கிகள் சிலவற்றில் அச்சை 12 பாகை வரை தாழ்த்தவே முடியாது. தாழ்த்தினாலும் எடைக்கல் தொங்கும் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். நடுவில் ஒரு நீட்டுக்குழாய் செருகினால்தான் தப்பும். ஆகவே "எத்தனை அங்குலம்?" என்பதற்கு முன் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "12 பாகைக்கு இறங்குமா?" என்பதே. துருவமீன் தெரியாத இடத்திலும் விண்மீன்கள் விலகும் போக்கைப் பார்த்து அச்சைத் திருத்தும் பழைய முறை உண்டு. இப்போது காமிராப் படத்தைக் கொண்டே கணிப்பொறி அதைச் செய்துவிடுகிறது. ஆனால் இறங்காத அச்சைக் கணிப்பொறியால் இறக்க முடியாது.

துருவமீன் தாழ்ந்ததற்கு ஈடாகத் தென்வானம் நமக்குத் திறந்திருக்கிறது. லண்டனில் ஒருபோதும் உதிக்காத ஒமேகா செண்டாரி என்னும் விண்மீன் திரள் நமக்கு 30 பாகை உயரம் வரை எழுகிறது. கரீனா ஒண்முகில்கூட 18 பாகை வரை வரும். கேட்டை மீனும் விருச்சிகத்தின் வாலும் நமக்கு நன்றாக மேலேறும். ஜவ்வாது மலையில் காவலூரில் வான் ஆய்வுக்கூடம் அமைந்ததற்கு இத்தென்வானக் காட்சியும் ஒரு காரணம். அங்குள்ள 2.34 மீட்டர்த் தொலைநோக்கியின் அச்சும் நம்முடையதைப் போலவே தரையை நோக்கிச் சாய்ந்துதான் இருக்கிறது. காவலூரின் அகலாங்கு பன்னிரண்டரைப் பாகை.

மூன்றாவது, வானம். இங்கே நாம் காசு கொடுத்து வாங்குவதற்கு ஒன்றுமில்லை, பொறுத்திருப்பதே உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆந்திரமேடா தலைக்குமேல் வரும் சிறந்த காலம் மழைக்குப் போய்விடுகிறது. மார்கழியில் மாலை இருட்டியதும் மேற்கே சாயுமுன் பிடித்தால் உண்டு. தை முதல் பங்குனி வரை நமக்கு அறுவடைக் காலம்: வேட்டைக்காரன் மாலையிலும், ஒமேகா செண்டாரி பின்னிரவிலும். சித்திரை, வைகாசியில் விடியுமுன் விருச்சிகமும் தனுசும். ஆனியிலிருந்து முகிலோடு சூதாட்டந்தான். லெ ழாந்தி இதை எட்டாண்டுச் செலவில் அறிந்தார்.

விளக்குகளைப் பற்றியும் ஒரு சொல். வில்லியனூரில் கிழக்கு வானம் நகரின் ஒளியால் வெளுத்திருக்கிறது. உதிக்கும் பொருள்களை அங்கே எடுப்பது வீண். பாகூரில் வடக்கும், கடலூர் இருக்கும் தென்கிழக்கும் வெளுப்பு. தெற்கும் மேற்கும் மேலானவை. சில ஆண்டுகளுக்கு முன்பு தெருவில் மஞ்சள் விளக்குகள் இருந்தன. இப்போது வெள்ளை எல்.இ.டி. விளக்குகளும், நாற்சந்திகளில் உயர்கோபுர விளக்குகளும். வெளிச்சம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வயலில் நீர் பாய்ச்சிவிட்டு இரவில் திரும்புகிறவருக்கு அது வேண்டும். ஒளி மேலே சிதறாதபடி விளக்குக்குத் தொப்பி போட்டால் தரைக்கும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும், மின்சாரமும் மிச்சம் என்பதை மட்டும் கொம்யூன் பஞ்சாயத்தாரிடம் யாரேனும் எடுத்துச் சொல்லலாம்.

ஈரம் என்றொரு பகை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. கடற்காற்றில் நள்ளிரவுக்குமேல் முன்வில்லையில் பனி பூக்கும். குழலின் ஆழத்தில் கிடக்கும் ஆடிக்கு இத்தொல்லை குறைவு. வில்லையின் விளிம்பைச் சுற்றி இளஞ்சூடான பட்டை ஒன்றைக் கட்டினால் இது தீரும். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளைப் போட்டு, அவை நிறம் மாறியதும் வாணலியில் வறுத்து மீண்டும் போடவேண்டும். தவறினால் வில்லையில் பூஞ்சை படரும். ஆனால் ஆடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சு நம் உப்புக்காற்றில் சில ஆண்டுகளில் மங்கும். அதை மீண்டும் பூசுவது நம்மால் ஆகிற வேலையன்று. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஆடிகளின் நேர்நிலையைத் திருத்தவும் வேண்டும். சிறிய வில்லைக் குழலில் திருத்துவதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை; பையிலிருந்து எடுத்ததும் பார்க்கலாம். மாணவர் கைகள் ஆண்டுதோறும் மாறும் கல்லூரியில் இது சிறிய நன்மை அன்று. காமிராவுக்கு முன்னால் படவிளிம்பைச் சமன்செய்யும் வில்லை ஒன்று மட்டும் தனியாக வாங்கவேண்டும். இல்லையேல் நடுவில் புள்ளியாக உள்ள மீன்கள் மூலையில் வால் முளைத்து நிற்கும். அவ்வில்லைக்கும் காமிராச் சில்லுக்கும் இடையே குறித்த தொலைவு, பெரும்பாலானவற்றில் 55 மில்லிமீட்டர், தவறாமல் இருக்கவேண்டும்.

என் மறுப்புக்கு இறுதிக் காரணம் பகலில் இருக்கிறது. நம்மில் பாதிப்பேருக்கு, சிறப்பாக மாணவியருக்கு, மாலைப் பேருந்தை விட்டால் வீடு சேர வழியில்லை. இரவில் மட்டும் பயன்படும் கருவி அவர்களுக்கு இல்லாத கருவியே. சிறிய வில்லைக் குழலின் முன்வாயில் அதற்கென்று செய்த கதிரவன் வடிகட்டியைப் பொருத்தினால் நண்பகல் இடைவேளையில் கதிரவனின் கரும்புள்ளிகளைப் படமெடுக்கலாம். (வடிகட்டி முன்வாயில்தான் இருக்கவேண்டும், கண்ணருகே செருகும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தில் வெடித்துக் கண்ணைப் பறித்துவிடும். வடிகட்டியின்றி ஒரு கணமும் பார்க்கக்கூடாது.) முன்வாய் சிறிதாயிருக்க இருக்க வடிகட்டியின் விலையும் இடரும் குறைவு.

இது விளையாட்டு வேலையும் அன்று. கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் கதிரவனின் முழு முகத்தை நாள்தோறும் படமெடுக்கும் பணி 1904இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் நடந்தது. அவற்றில் பெரும்பகுதியை எடுத்தது 15 சென்டிமீட்டர் வில்லை. உலகம் இன்று அப்படத் தட்டுகளைத் தேடி வருவது வில்லை பெரியது என்பதற்காக அன்று. மலையில் மழையில்லாத நாளெல்லாம் எவரோ ஒருவர் போய் எடுத்தார் என்பதற்காக. கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அவ்வாய்வுக்கூடத்தில்தான்.

சென்ற தை மாதம் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய சிறு குழலோடு பாகூர் ஏரிக்கரையில் இருந்தேன். மடை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் டார்ச்சை அணைத்துவிட்டு அருகில் குந்தினார். "என்னா தம்பி, இதுல மழை எப்ப வரும்னு தெரியுமா?" என்றார். "தெரியாதுங்க ஐயா, நட்சத்திரந்தான் தெரியும்" என்றேன். காமிராவின் திரையில் இரண்டு நிமிடப் படம் ஒன்று அப்போதுதான் விழுந்தது. வேட்டைக்காரனின் ஒண்முகில், செம்பருத்தி நிறத்தில், சிறகு விரித்ததுபோல். நெடுநேரம் பார்த்தார். "இது தெனமும் இங்கதான் மேல இருந்துதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் இரவு தம் பேத்தியை அழைத்துவந்தார்.

துறைத்தலைவர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. வரும் கூட்டத்தில் தொகையை மூன்றாகப் பிரித்துப் பேசுவோம்: பாதிக்குமேல் தாங்கிக்கு, மூன்றில் ஒரு பங்கு குழலுக்கு, எஞ்சியது வடிகட்டி, சமன்வில்லை, சூட்டுப்பட்டை, ஈரம் புகாப் பெட்டி ஆகியவற்றுக்கு. காமிரா நம்மில் சிலரிடம் உள்ளது. ஆய்வகத்தில் ஒரு குறிப்பேடு திறந்து, நண்பகல்தோறும் யார் முறையோ அவர் கதிரவனைப் படமெடுத்து ஒட்டட்டும்; கரும்புள்ளி ஒன்று ஒரு விளிம்பில் தோன்றி மறு விளிம்பில் மறைந்து, 27 நாளில் மீண்டும் தலைகாட்டுகிறதா என்று பார்ப்போம். தை அமாவாசை இரவுக்குப் பாகூர் ஏரிக்கரை. அங்கே வடக்கைத் தென்னை மறைக்கவில்லை என்பதைப் போய்ப் பார்த்து வந்துவிட்டேன். குழலை நான் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். தாங்கியைத் தூக்கி வர இன்னொருவர் வேண்டும்.